மலை மேல் 3டி டிவி: விலையைக் கேட்கும் முன் உயரத்தைக் கேளுங்கள்

இன்று எந்தக் கடைக்குப் போனாலும் புது 3டி டிவி கிடைக்காது. 2009 டிசம்பரில் 'அவதார்' 3டி படம் வந்து போன வேகத்தில், 2010-ல் பெரிய கம்பெனிகள் எல்லாம் வீட்டுக்கான 3டி செட்களை இறக்கின. சாம்சங் 2016-ல் கைவிட்டது. எல்ஜியும் சோனியும் 2017 மாடல்களில் அந்த வசதியையே எடுத்துவிட்டன. ஆகவே இப்போது பேச்சு பழைய செட்டைப் பற்றித்தான். கோவையிலோ மதுரையிலோ வீடு மாற்றுகிறவர்கள் மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். அதை ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ஏற்றலாமா என்பது கீழே இருப்பவர்களுக்கு வராத கேள்வி.

என் பதில்: பாஸிவ் வகை (கண்ணாடியில் பேட்டரி இல்லாத வகை) எல்இடி செட் என்றால், கையில் 3டி புளூ-ரே டிஸ்க்குகளும் இருந்தால், தாராளமாக ஏற்றலாம். பிளாஸ்மா என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

பிளாஸ்மாவைச் சொல்லும்போது மனசு கொஞ்சம் வலிக்கிறது, ஏனென்றால் 3டி படத்துக்கு அது அருமையான திரை. பிக்சல் சட்டென்று எரிந்து சட்டென்று அணையும், இரட்டை பிம்பம் குறைவு. ஆனால் அதன் உள்ளே இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நியான், செனான் வாயு அடைத்த குட்டிக் குட்டி அறைகள் இருக்கின்றன. வெளிக்காற்றின் அழுத்தம்தான் அந்தத் தகடுகளை இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். பிடி தளர்ந்ததும் கண்ணாடி அதிர்ந்து 'ங்ங்ங்' என்று ரீங்காரமிடத் தொடங்கும். வெளிச்சமான காட்சிகளில் அது இன்னும் பலமாகக் கேட்கும். பல பிளாஸ்மா கையேடுகளில் உயர வரம்பு 2,000 மீட்டரை ஒட்டியே அச்சாகியிருக்கும். சிலவற்றில் கொஞ்சம் கூடுதல். கொடைக்கானலும் 2,133 மீட்டர், அதே கதைதான். குன்னூர் சுமார் 1,850 மீட்டரில் இருப்பதால் வரம்புக்குள் வருகிறது. கோத்தகிரியிலும் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. ஆனாலும் பழைய பிளாஸ்மாவுக்கு உதிரி பாகம் தேடி அலைவதை நினைத்தால், அங்கேயும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அடுத்தது கண்ணில் போடும் 3டி கண்ணாடி. பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் வகையில் டிவி நொடிக்கு 120 படம் காட்டும். கண்ணாடியின் இரண்டு ஷட்டர்களும் மாறி மாறி மூடித் திறந்து, ஒவ்வொரு கண்ணுக்கும் 60 படம் கொடுக்கும். ஷட்டரும் ஒரு திரவப் படிகம், எல்இடி டிவியின் திரையும் திரவப் படிகம். குளிரில் அது மந்தமாகும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ராத்திரியில், சூடேற்றாத அறையில் செட்டைப் போட்டதும் படம் பார்த்தால் எல்லா உருவத்துக்கும் பக்கத்தில் ஒரு நிழல் ஒட்டிக்கொண்டு நிற்கும். செட் கெட்டுவிட்டது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். சாதாரண 2டியில் அரைமணி நேரம் ஓடவிட்டுப் பிறகு 3டிக்கு மாற்றுங்கள். நிழல் பெரும்பாலும் மங்கிவிடும். சில செட்களின் கையேட்டில் இயக்க வெப்பநிலையே 10 டிகிரியில்தான் தொடங்குகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக்டிவ் கண்ணாடியில் வேறு தொல்லைகளும் உண்டு. சோக் போட்ட பழைய டியூப் லைட் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் 60 முறை திறக்கும். இரண்டும் ஒத்துப்போகாமல் அறையே படபடக்கும், தலைவலி வரும். விளக்கை அணைத்தால் தீர்ந்தது. சாம்சங்கின் 2010 செட் இன்ஃப்ராரெட்டில் கண்ணாடியோடு பேசும், 2011-லிருந்து புளூடூத். ஒன்றின் கண்ணாடி மற்றதில் வேலை செய்யாது. செட்டோடு வரும் கண்ணாடியை அங்கேயே போட்டுப் பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பட்டன் பேட்டரி போடும் கண்ணாடி என்றால், மழைக்காலத்தில் பயன்படுத்தாத நாட்களில் பேட்டரியைக் கழற்றி வைக்கவும். மலை ஈரத்தில் முனைகள் பச்சை பூத்துவிடும்.

பாஸிவ் வகையில் இந்தத் தொல்லைகளில் பாதி கிடையாது. திரையின் மேல் ஒட்டிய படலம் ஒரு வரியை இடக்கண்ணுக்கும் அடுத்த வரியை வலக்கண்ணுக்கும் பிரித்து அனுப்புகிறது. கண்ணாடியில் பேட்டரி இல்லை, எடையும் இல்லை. வட்ட முனைவாக்கம் என்பதால் ரியல்-டி தியேட்டரில் தரும் கண்ணாடியே எல்ஜி டிவிக்கும் பொருந்தும். நாலு பேர் சேர்ந்து பார்க்கும் வீட்டுக்கு இதுதான் சரி. குறை என்னவென்றால், 1080 வரித் திரையில் ஒரு கண்ணுக்கு 540 வரிதான் போகும். 4கே பாஸிவ் செட்டில் அந்தக் குறையும் இல்லை. 2016-ல் வந்த எல்ஜி ஓஎல்இடியில் சி6, இ6, ஜி6 மூன்றிலும் 3டி உண்டு, பி6-ல் கிடையாது. நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

பாஸிவ் எல்இடி திரையை மாட்டும் உயரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேலும் கீழும் 10 டிகிரி விலகினாலே பல செட்களில் வரிகள் கலங்கும். இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், கண் மட்டத்திலிருந்து திரையின் நடுப்பகுதி 40 சென்டிமீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்று கணக்கு. மலை பங்களாக்களில் கணப்புக்கு மேலே டிவியை மாட்டும் வழக்கம் இருக்கிறதே, அது 3டிக்கு ஆகவே ஆகாது. உயரம் தப்பு, சூடும் புகையும் வேறு.

படம் எங்கிருந்து வரும்? ஈஎஸ்பிஎன் 3டி சேனல் 2010 ஜூனில் தொடங்கி 2013-லேயே மூடப்பட்டது. டிஷ்ஷையும் ஓடிடியையும் நம்பி வாங்காதீர்கள். புளூ-ரே 3டி டிஸ்க்தான் முழுத் தரம். 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க் முறையில் 3டி கிடையாது. பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்கை 3டியில் ஓட்டும், 5 ஓட்டாது. பிளேயருக்கும் டிவிக்கும் நடுவே பழைய ஆம்ப்ளிஃபையர் இருந்தால் 3டி சிக்னல் அங்கேயே நின்று, படம் 2டியாக வரும். பிளேயரை எச்.டி.எம்.ஐ. வழியாக நேரே டிவியில் செருகி, சத்தத்தை மட்டும் ஆப்டிகல் கேபிளில் எடுங்கள். பென்டிரைவில் இருக்கும், இரு கண்ணுக்கான படமும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் அமைந்த ('சைடு பை சைடு') படங்களுக்கு ரிமோட்டில் 3டி பட்டனை அழுத்தி முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னால் இருக்க வேண்டிய சுவர் முன்னால் துருத்தினால் இடம் வலம் மாறிவிட்டது என்று அர்த்தம், மெனுவில் மாற்றிவிடலாம்.

கண்ணாடி போட்டால் வெளிச்சம் பாதிக்கு மேல் குறையும், பேக்லைட்டை உச்சத்தில் வையுங்கள். மாறுகண், சோம்பல் கண் உள்ளவர்களுக்கு ஆழம் தெரியாமல் போகலாம். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் வாங்கும் முன் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வேண்டாம்.

பெரிய திரை ஆசை உள்ளவர்களுக்கு இன்னும் விற்பனையில் இருப்பது 3டி புரொஜக்டர். அதற்கு டிஎல்பி-லிங்க் கண்ணாடி (புரொஜக்டரின் ஒளியிலிருந்தே சிக்னல் பெறும் ஆக்டிவ் கண்ணாடி) தனியாக வாங்க வேண்டும். 1,500 மீட்டரைத் தாண்டினால் மெனுவில் 'ஹை ஆல்டிட்யூட்' முறையைப் போட்டே ஆக வேண்டும், அதாவது குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கொடைக்கானல் எல்லா இடத்திலும். மெல்லிய காற்று சூட்டைச் சரியாக எடுத்துப் போகாது. முறையைப் போடாமல் விட்டால் விளக்கு சீக்கிரம் போகும், சில சமயம் படத்தின் நடுவே செட் தானாக அணையும். போட்டால் ஃபேன் சத்தம் கூடும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

செட்டை மேட்டுப்பாளையம் வழியாகவோ வத்தலக்குண்டு வழியாகவோ ஏற்றும்போது நிமிர்த்தியே வைத்துக் கட்டுங்கள். படுக்க வைத்தால் கொண்டை ஊசி வளைவுகளில் திரை விரிசல் விடலாம். பனிமூட்டத்தில் நனைந்த வண்டியிலிருந்து கணப்பு எரியும் அறைக்கு நேரே கொண்டுபோனால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். அட்டைப் பெட்டியைத் திறந்து, பிளக் செருகாமல் ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் காலை ஸ்டெபிலைசர் வழியாகப் போடுங்கள்.