ஆப்பரேட்டர் அறையிலிருந்து பார்த்த முகங்கள்

ஒரு திரைப்படச் சங்கத்தின் திரையிடல்களுக்குப் பதினெட்டு ஆண்டுகளாக ஆப்பரேட்டராக இருக்கிறேன். எந்தப் படமானாலும் முதலில் அதன் வெளிச்சமே என் கண்ணில் படும். கதை பிறகுதான் வந்து சேரும்.

அலிஸ் தியோப் இயக்கிய 'செயிண்ட் ஓமர்' 2022ஆம் ஆண்டு வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் பெரும்பரிசைப் பெற்ற படம். பெற்ற குழந்தையைக் கடல் அலைக்கு விட்டுவந்த செனகல் வம்சாவளித் தாய் ஒருத்தி பிரான்சில் விசாரிக்கப்படுகிறாள். பழுப்பு மரப்பலகைச் சுவருக்கு முன்னால், பழுப்பு உடையில், அவள் நெடுநேரம் அசையாமல் நின்று பேசுகிறாள். ஒளிப்பதிவாளர் கிளேர் மாத்தோன் அந்த முகத்தை விட்டு விலகுவதே இல்லை. திரையிடலுக்கு முந்தைய இரவு சோதனைக்காக அந்தக் காட்சியை ஓட்டியபோது, என்னுடன் இருந்த தம்பி, "அண்ணே, அந்தம்மா முகமே தெரியலையே" என்றான். நீதிபதியின் முகமும் வழக்கறிஞரின் முகமும் பளிச்சென்று இருக்க, அவள் முகம் மட்டும் பலகையோடு ஒன்றிப்போயிருந்தது. ஒளியை அளக்கும் மீட்டரை எடுத்துப் பார்த்தேன். 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தின் அலகு) இருக்க வேண்டிய திரையில் 9 கூட இல்லை. புரொஜெக்டரின் செனான் விளக்கு ஆயுளைக் கடந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அத்தனை மாதங்களும் வெள்ளைத் தோல் முகங்களையே காட்டிக்கொண்டிருந்ததால் எங்களில் ஒருவருக்கும் குறை தெரியவில்லை என்பது எனக்குப் பெரிய வலியாக இருந்தது. இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம் என்று அரங்கத்தார் சொன்னதை ஏற்காமல், வேறொரு அரங்கிலிருந்து விளக்கைக் கடன் வாங்கி, விடியற்காலையில் முகக்கவசமும் கையுறையும் அணிந்து மாற்றினேன். அதன்பின் அவளுடைய கண்ணோரத்து ஈரம்கூடத் தெரிந்தது.

கறுப்பினப் பெண் இயக்குநர் சாரா மல்தோரோரின் 'சம்பிசாங்கா' 1972இலேயே துனிசியாவின் கார்த்தேஜ் திரைப்பட விழாவின் முதல் பரிசை வென்றது. மார்த்தினிக் தீவின் யூசான் பால்சி 1983இல் வெனிசில் வெள்ளிச் சிங்கம் விருது பெற்றார். ஆனால் 1946இல் தொடங்கிய கான் விழாவின் போட்டிப் பிரிவுக்கு ஒரு கறுப்பினப் பெண் இயக்குநரின் படம் வர 2019 வரை, மாத்தி தியோப்பின் 'அட்லாண்டிக்ஸ்' வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் கையேட்டில் 'முதல் கறுப்பினப் பெண்' என்று அச்சிடும்போதெல்லாம், அந்த 73 ஆண்டுகளையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று செயலாளரிடம் வாதாடியிருக்கிறேன்.

2024இல் பெர்லினின் தங்கக் கரடி விருதை வென்ற மாத்தி தியோப்பின் 'டஹோமே' படத்தையும் ஓட்டினேன். பிரெஞ்சுப் படைகள் கொள்ளையிட்ட 26 அரச கலைப்பொருட்கள் 2021இல் பாரிசிலிருந்து பெனினுக்குத் திரும்பிய பயணம் அது. பெட்டிக்குள் அடைபட்ட சிலை பெனினின் 'ஃபோன்' என்னும் மொழியில் பேசத் தொடங்குகையில் திரை முழுக்க இருள். விளக்குப் போய்விட்டதென்று நினைத்துச் சிலர் என் அறைப் பக்கம் திரும்பினார்கள். மீட்டரை நான் அன்று காலையிலேயே பார்த்திருந்தேன். சரியாக 14 இருந்தது.