வடலூரில் ஒரு பூசநாள்

மாதப் பூசத்தன்று அக்காவோடு வடலூர் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சத்திய தருமசாலைக்குத்தான் போனோம். 1867 மே 23-ஆம் தேதி வள்ளலார் தன் கையால் மூட்டிய அடுப்பு அங்கே இன்றுவரை அணையாமல் எரிகிறது. சாதி, மதம், ஊர், பெயர் எதுவும் கேட்காமல் பசித்தவருக்குச் சோறு. அவர் ஏற்படுத்திய வழக்கம் அது.

பந்தியில் எனக்கு இடப்பக்கம் காக்கிச் சட்டையில் ஒரு டிரைவர். வலப்பக்கம், துணி அடைத்த பிளாஸ்டிக் பையை மடியிலிருந்து இறக்காமலே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி. சாம்பார் வாளியோடு வந்தவர் பாட்டியிடம், "மெதுவா சாப்பிடுங்கம்மா, இன்னும் நிறைய இருக்கு" என்றார். பாட்டி அப்புறம்தான் பையைக் கீழே வைத்தார். அன்பைப் பற்றி எத்தனையோ சொற்பொழிவு கேட்டாயிற்று. அந்த வாளிக்காரர் அளவுக்கு யாரும் எனக்குப் புரியவைத்ததில்லை.

அங்கிருந்து சத்திய ஞான சபை. 1872 தைப்பூசத்தன்று தொடங்கிய எண்கோணக் கட்டடம். உள்ளே சிலை கிடையாது, ஜோதி மட்டும்தான். வாசலில், கொலையும் புலையும் (அதாவது புலால் உண்பதும்) தவிர்த்தவர் மட்டுமே உள்ளே வரலாம் என்று எழுதியிருக்கிறது. அக்கா அசைவத்தை விட்டுப் பல வருஷமாகிறது. நான் மீன் சாப்பிடுகிறவன்.

"நான் வெளியிலேயே நிக்கறேன்க்கா."

"சரிடா தம்பி. இங்கேருந்தே நல்லாத் தெரியும்."

உள்ளே போயிருந்தால் யாரும் என்னைச் சோதித்திருக்க மாட்டார்கள். ஆனால், சத்தியம் என்று பெயரிலேயே வைத்திருக்கும் சபைக்குள் பொய்யோடு நுழைய மனசு வரவில்லை. வருத்தமும் இல்லை. சபைக்குத்தான் நிபந்தனை, சோற்றுக்கு இல்லை. எந்தக் கதவை எல்லாருக்கும் திறந்து வைக்க வேண்டும், எதற்கு ஒழுக்கம் கேட்க வேண்டும் என்பதில் அந்த மனிதர் எவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறார்! நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழ். பிள்ளை நாம் சொன்னபடி படித்தால் பாசம், மருமகள் சொன்னபடி நடந்தால் பாசம்.

ஜோதிக்கு முன்னால் கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு என்று ஏழு நிறத் திரைகள். தைப்பூசத்தில் ஏழும் விலகும், மாதப் பூசத்தில் ஆறுதான். மிச்சமிருக்கிற ஒரு திரையோடுதான் அன்றைய தரிசனம். "அருட்பெருஞ்ஜோதி" என்று கூட்டம் முழங்க, தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். முன்னால் நின்றவர் தன் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டதும் எனக்கு ஜோதி மறைந்துபோனது. "தெரியுதா, தெரியுதா" என்று அவர் கேட்கக் கேட்க, அந்தக் குட்டி கைதட்டியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

வள்ளலார் 1874-இல் சித்தியடைந்த மேட்டுக்குப்பம் பக்கத்தில்தான் இருக்கிறது. இருட்டிவிட்டதால் போக முடியவில்லை.

தைப்பூச அன்னதானத்துக்கு ஒரு மூட்டை பொன்னி அரிசி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றாள் அக்கா. பாதிப் பணம் என்னுடையது என்றேன். அவள் மறுக்க, நான் விடாமல் பேச, ஒருவழியாக அவள் தலையாட்டியபோது விருத்தாசலம் பஸ் வந்துவிட்டது.