ஹோட்டல் கார்டுக்கு 11,800 ரூபாய் அழுதேன்: ஒரு குன்னூர்க் கணக்கு

ஹோட்டல் கார்டு என்றால், ஒரு ஹோட்டல் நிறுவனத்தோடு சேர்ந்து வங்கி தரும் கிரெடிட் கார்டு. செலவுக்குப் பாயின்ட், அந்த ஹோட்டல்களில் இலவசமாகத் தங்க ஓர் இரவு என்று சலுகைகள் வரும். என் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 10,000 என்றுதான் சொல்வார்கள். 18% ஜிஎஸ்டி சேர்ந்து ஸ்டேட்மென்ட்டில் விழுவது 11,800. விண்ணப்பத்தில் சிக்கல் இல்லை. வீடியோ காலில் அடையாளம் சரிபார்க்கும் வீடியோ கேஒய்சிக்கு ஒரிஜினல் பான் கார்டு கையில் வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. மூடுபனி நாளில் சிக்னல் கிடைக்கிற ஜன்னலைத் தேடி உட்காருங்கள்.

அடி விழுந்தது இலவச இரவில். காலாவதிக்கு நாலு நாள் இருக்கும்போது அடுத்த வாரத்துக்கு ரூம் போடப் பார்த்தால் ஒரு தேதியும் திறக்கவில்லை. கஸ்டமர் கேரில் மூன்று பேர் கைமாறிய பிறகு பதில் வந்தது: அந்தத் தேதிக்குள் புக் செய்தால் போதாது, தங்கி ரூமைக் காலி செய்திருக்க வேண்டும். பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது, என்ன சொல்ல! 'இந்தத் தேதி வரை செல்லும்' என்றால் புக்கிங்குக்கா, தங்குவதற்கா என்று மெயிலில் கேட்டு வாங்கி வையுங்கள். போனில் சொன்னதற்கு யாரும் பின்னால் பொறுப்பேற்க மாட்டார்கள்.

மலையில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, அந்த ஹோட்டல்கள் எந்த ஊரில் இருக்கின்றன என்பதை. ஊட்டியில் இருந்து நமக்கென்ன? வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டரில் யார் ரூம் போடப் போகிறார்? நாம் தங்குவது கீழே இறங்கினால்தான்: கோவையில் ஆஸ்பத்திரி, விடிகாலை விமானம், கல்யாணம். ஏர்போர்ட் லவுஞ்ச் சலுகைக்கும் கோவை வரை இறங்க வேண்டும். வருஷத்துக்கு ரெண்டு தடவை பறக்கிறவர் அதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

இலவச இரவின் மதிப்பு ஹோட்டல் போட்டிருக்கும் விலை அல்ல, நீங்கள் கைக்காசு போட்டுத் தங்குகிற விலை. கோவையில் எனக்கு 5,000 ரூபாய் ரூம் போதும், 5% வரியோடு 5,250. ரெண்டு இரவு இலவசம் என்றாலும் 10,500தான். கட்டணத்துக்கு இன்னும் 1,300 இடிக்கிறது. பெரிய ரூம் எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் ரூம் வாடகை 7,500 வரை ஜிஎஸ்டி 5%, அதைத் தாண்டினால் மொத்தத்துக்கும் 18%. 7,500 ரூம் 7,875 ஆகும், 7,600 ரூம் 8,968! இலவச இரவில் இந்த வரியும் அடங்குமா என்று பாருங்கள். பாயின்டையும் இப்படியே எடை போடலாம்: வரியோடு 7,875 வரும் ரூமுக்கு 15,000 பாயின்ட் கேட்டால், ஒரு பாயின்ட் 52.5 பைசா.

பாயின்ட் சேர்வதுதான் இங்கே கஷ்டம். குன்னூர் பெட்போர்டு கடைகளில் வர்க்கி வாங்கினாலும் உரம் வாங்கினாலும் க்யூஆர்தான், யூபிஐயில் இணைவது ரூபே கிரெடிட் கார்டு மட்டும். உங்கள் ஹோட்டல் கார்டு ரூபே இல்லையென்றால் அது பர்ஸிலேயே தூங்கும். பெட்ரோல், வாடகைக்குப் பல கார்டுகள் பாயின்டே தருவதில்லை.

வேண்டாம் என்று முடிவெடுத்தால், கட்டணம் விழுவதற்கு ஒரு மாதம் முன்பே பேசுங்கள். சில நேரம் பாதியாவது குறைப்பார்கள். பாயின்டை முதலில் ஹோட்டல் கணக்குக்கு மாற்றிவிட்டு, பிறகு மூடச் சொல்லி மெயில் போடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 7 வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்கு. ஆனால் பாக்கி இருக்கக் கூடாது. எனக்கு வட்டியில் 47 ரூபாய் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைக் கட்டிய நாளிலிருந்துதான் அந்த ஏழு நாளை எண்ணினார்கள்.