சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

நான் பார்ப்பது கணக்கு வேலை. கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் 22 வருஷமாக இருக்கிறேன். பில் இல்லாமல் டீக்காசுகூட எழுதமாட்டேன் என்று ஆபீசில் எனக்குப் பெயர். அப்படிப்பட்ட நான், அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சிக்குப் போன் போட்டபோது கேட்டது ஒரே கேள்விதான்: "ஆள் எப்பங்க வருவாங்க?"

போன ஆடியில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. 76 வயது, 20 வருஷத்துச் சர்க்கரை. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. 19 நாள் கழித்து, மூக்கில் சாப்பாடு ஊற்றும் ரைல்ஸ் டியூபும் கீழே சிறுநீர் வடியும் கதீட்டருமாக ஆம்புலன்சில் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி நாலு பக்கம். மாத்திரைப் பட்டியல் இருந்தது, ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தது. ராத்திரி என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

போனில் பேசிய பெண் "பயிற்சி பெற்ற சிஸ்டர்" அனுப்புவதாகச் சொன்னாள். வந்தது 21 வயதுப் பொண்ணு, கையில் ஒரு கட்டைப்பை. ரெண்டாம் நாள் பேச்சுவாக்கில் கேட்டேன். பத்தாவது வரை படிப்பு, ஏஜென்சியில் பத்து நாள் பயிற்சி. அவளைக் குறை சொல்ல எதுவுமில்லை, அவள் தன்னை நர்ஸ் என்று சொல்லவே இல்லை. சொன்னது போனில் இருந்தவள், நம்பியது நான்.

நர்ஸ் படிப்பில் ஏ.என்.எம். என்றால் ரெண்டு வருஷம், ஜி.என்.எம். மூணு வருஷம், பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம், இவர்களெல்லாம் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்டு வாங்கலாம் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டதுதான். கேர்டேக்கர் வேறு, நர்ஸ் வேறு. ஏஜென்சியின் ரேட் கார்டிலேயே தனித்தனி ரேட் போட்டிருந்தது. போனில் மட்டும் எல்லாரும் சிஸ்டர்.

சட்டம் எதுவும் இல்லையா என்று தேடினேன், தொழில் புத்தி. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. அதற்கு 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்திருக்கிறது. வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும், அவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் நிர்ணயிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. 2024-ல் மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது. எங்கள் கம்பெனியில் பம்புக்குள் சுழலும் ஒரு இம்பெல்லர் வெளியே போவதற்கு முன்னால் மூணு பேர் அளந்து கையெழுத்துப் போடுகிறார்கள். சரி, அந்தப் பேச்சு போதும்.

ஒன்பதாவது நாள் அம்மாவைக் குளிப்பாட்டத் திருப்பியபோது, முதுகெலும்பு முடியும் இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பாக இருந்தது. கொசு கடித்திருக்கும் என்று நினைத்தேன். அன்றைக்கு கதீட்டர் மாற்ற வந்த நர்ஸ் விரலால் அதை அழுத்திப் பிடித்து எடுத்தார். "பாருங்க, அழுத்தி எடுத்தா வெள்ளையாகி அப்புறம் சிவக்கணும். இது வெளுக்கவே இல்ல. படுக்கைப் புண் ஆரம்பம்." தோல் உரியவில்லை, சீழ் இல்லை, நாற்றம் இல்லை. வெறும் சிவப்பு. அவர் வராமல் இருந்திருந்தால் நான் பவுடர் போட்டு விட்டிருப்பேன்.

ஏர் பெட் வாங்கிப் போட்டாச்சே என்றேன். ஏர் பெட் போட்டாலும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும் என்றார். எனக்குக் கோபம் பொண்ணு மேல் வந்தது. "ராத்திரி திருப்பறியா இல்லியா?" என்று சத்தம் போட்டேன். அவள் பேசாமல் நின்றாள். மறுநாள் ஏஜென்சியில் சொல்லி ஆளை மாற்றிவிட்டேன்.

இப்போது எழுதும்போது கூசுகிறது. அவள் 24 மணி நேர ட்யூட்டி. ராத்திரி 10, 12, 2, 4, 6 என்று திருப்பினால் ஒரு மனுஷிக்குத் தொடர்ந்து கிடைக்கும் தூக்கம் ரெண்டு மணி நேரத்துக்கும் கம்மி. நடுவில் அம்மா முனகினால் அதுவும் இல்லை. அவள் படுத்தது அம்மாவின் கட்டிலுக்குக் கீழே, பாயில், யூரின் பை தொங்கும் பக்கத்தில். எங்கள் மெஷினுக்கு மூணு ஷிஃப்ட்டுக்கு மூணு ஆள் போடுகிறோம். இந்தக் கணக்கு எனக்கு ஒன்பது நாளாகத் தோன்றவில்லை.

அடுத்து வந்தவர் தர்மபுரிப் பக்கம், 41 வயது. பல வீடுகளில் இருந்தவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: "அக்கா, வீட்ல ஆம்பளைங்க யார் யார் இருக்காங்க?" எனக்குச் சுருக்கென்றது. தம்பி திருப்பூரில் இருக்கிறான், சனிக்கிழமை வருவான், வேறு யாருமில்லை என்றேன். நான் அவரைப் பற்றி ஆதார் கார்டு, போலீஸ் வெரிஃபிகேஷன் எல்லாம் ஏஜென்சியில் கேட்டு வாங்கியிருந்தேன். எங்களைப் பற்றி அவருக்கு யாரும் ஒரு காகிதமும் கொடுக்கவில்லை. பணியிடத்துப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தில் பணியிடம் என்பதில் வீடும் அடங்கும். அது அவருக்குத் தெரியாது. கேள்வி கேட்க மட்டும் தெரிந்திருந்தது.

வந்த அன்றைக்கே அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை வாங்கி நாலாக மடித்து அம்மாவின் இடுப்புக்குக் கீழே விரித்தார். திருப்பும்போது அம்மாவின் கையைப் பிடித்து இழுப்பதில்லை, வேட்டியின் ரெண்டு முனையைப் பிடித்து இழுத்தால் உடம்பு தானாக உருண்டு வருகிறது. தோலும் உரசுவதில்லை. டியூபில் ஊற்றுவதற்கு முன்னால் தலைப்பக்கம் உயர்த்தி, சிரிஞ்சால் லேசாக இழுத்து வயிற்றுத் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார். ஊற்றி முடித்து அரை மணி நேரம் படுக்க விடமாட்டார். நுரையீரலுக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்று முந்தைய ஒரு வீட்டில் பார்த்திருக்கிறாராம். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிசியோவுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, "மக்களைத் தேடி மருத்துவத்துல எழுதி வைங்கக்கா" என்றதும் அவர்தான். 2021 ஆகஸ்டில் அந்த அரசுத் திட்டத்தைத் தொடங்கியது அவர் ஊருக்குப் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளியில். எனக்கு அது கிராமத்துக்கு மட்டும் என்று நினைப்பு. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்த பிறகு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தார், காசு வாங்கவில்லை.

இனி எழுத வேண்டியதைத்தான் இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன்.

அம்மாவுக்குக் காலையில் 14 யூனிட் இன்சுலின். ஏஜென்சி ஒப்பந்தத்தில் கேர்டேக்கர் ஊசி போடமாட்டார் என்று ஒரு வரி இருந்தது, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டது நான். முதல் மாதம் நானே போட்டேன். அப்புறம் 8 மணி பஸ், ஆபீஸ் அவசரம். "நீங்களே போட்டுடுங்களேன், உங்களுக்குத்தான் நல்லா வருதே" என்று ஒருநாள் சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சரியென்றார்.

கார்த்திகையில் ஒருநாள் மருந்துக்கடையில் வழக்கமான குப்பி இல்லை. "இது இன்சுலின் பேனாவுல போடற கார்ட்ரிட்ஜ்ங்க, மருந்து அதேதான்" என்று கடைப்பையன் கொடுத்தான். பெயரும் அதே பெயர். வாங்கி வந்து ஃபிரிட்ஜ் கதவில் வைத்தேன். காலையில் அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, இது வேற மாதிரி இருக்குதே" என்றார். அன்றைக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாள். தலை வாரிக்கொண்டே, "அதே மருந்துதான், அதுலயே எடுத்துப் போடுங்க" என்றேன்.

மருந்து அதேதான். அடர்த்திதான் வேறு. நம் ஊர்க் குப்பிகளில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனா கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100. அதனால்தான் சிரிஞ்சும் ரெண்டு விதம்: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. எங்கள் வீட்டில் இருந்தது சிவப்பு. சிவப்பு மூடி சிரிஞ்சில் 14 கோடு வரை 100 மருந்தை இழுத்தால் உள்ளே போவது 35 யூனிட். ரெண்டரை மடங்கு. எட்டாம் வகுப்புக் கணக்கு. அந்த அட்டைப் பெட்டியில் 100 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, நான் எம்.ஆர்.பி.யைத்தான் பார்த்தேன்.

10.40-க்கு போன் வந்தது. "அக்கா, பாட்டிக்கு வேர்த்துக் கொட்டுது. நைட்டி நனைஞ்சிருச்சு. கண்ணு தொறக்க மாட்டேங்கறாங்க." நான் வாயைத் திறப்பதற்குள், "சுகர் பாத்துட்டேன், 41" என்றார். யாரும் பார்க்கச் சொல்லவில்லை. தலையை உயர்த்தி, டியூப் சரியாக இருக்கிறதா பார்த்து, குளுக்கோஸ் தண்ணியை ஊற்ற ஆரம்பித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். 15 நிமிஷம் கழித்து 62. மறுபடி ஊற்றி, மறுபடி பார்த்து, 94. நான் ஆட்டோவில் சிங்காநல்லூர் சிக்னலில் நின்றபடி போனைக் காதில் வைத்திருந்தேன். ஒவ்வொரு நம்பரையும் அவர் சொல்லச் சொல்ல, பையிலிருந்த ஏதோ ஒரு வவுச்சரின் பின்னால் எழுதிக்கொண்டே போனேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை, கை எழுதியது.

அந்த வகை இன்சுலின் மணிக்கணக்கில் வேலை செய்யும், சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்று ஆஸ்பத்திரியில் ராத்திரி வரை வைத்திருந்தார்கள். டாக்டர் சிரிஞ்சைக் கேட்டு வாங்கிப் பார்த்ததும் கேட்டார்: "யார் போட்டது?" தர்மபுரிக்காரர் என் பக்கம் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். ஏஜென்சிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். நான் போட்டேன் என்றேன். அது பொய். போடச் சொன்னது நான் என்பது உண்மை. மனசுக்குள் ஏதோ ஒரு தலைப்பில் அந்தத் தொகையை அட்ஜஸ்ட் செய்துகொண்டேன்.

மறுநாள் ஆபீசுக்கு லெட்ஜர் வாங்கும் கடையில் ஒரு நீள நோட்டு வாங்கினேன். கோடு போட்டேன்: நேரம், எந்தப் பக்கம் திருப்பியது, டியூபில் என்ன எத்தனை மில்லி, யூரின் எத்தனை மில்லி என்ன நிறம், சுகர், கையெழுத்து. எந்தப் புது மருந்து வீட்டுக்கு வந்தாலும் பழைய அட்டையோடு பக்கத்தில் வைத்து, ரெண்டு பேரும் படித்து, ரெண்டு பேரும் கையெழுத்து. ஊசி நான்தான். 8 மணி பஸ்ஸை 8.25 ஆக்கிக்கொண்டேன், முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. இன்சுலின் குப்பியும் சிவப்பு மூடி சிரிஞ்சும் ஒரே டப்பாவில். போட்ட ஊசியை மூடாமல் நேராக ஒரு கனமான பழைய பினாயில் பாட்டிலுக்குள் போடுகிறோம். முன்பெல்லாம் குப்பையோடு போட்டுக்கொண்டிருந்தேன், மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் பிரிக்கிற குப்பை.

நோட்டு வந்ததும் முதலில் மாட்டியது நான்தான். மூணு நாளாக யூரின் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. கதீட்டர் அடைப்பா, கிருமியா என்று பயந்துபோய்ப் பின்னால் புரட்டினால், மூணு நாளும் சாயங்காலத் தண்ணி 200 மில்லி கட்டம் காலி. அது என் முறை.

ராத்திரியையும் பிரித்தோம். 10 மணிக்கு அவர் திருப்பிவிட்டுப் படுப்பார். 12-ம் 2-ம் என்னுடையது. 4-க்கு அவர் எழுந்திருப்பார். ஹாலில் அவருக்கென்று ஒரு கட்டில் வாங்கிப் போட்டேன், கொசுவலையோடு. ஏஜென்சிக்கு நான் கட்டுவது மாதம் 27,000, அவர் கைக்குப் போவது 18,000. அதில் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நேரடியாக வந்துவிடுகிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பாட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அடுத்த வீடு யார் பிடித்துத் தருவார்கள்?

அம்மாவின் முதுகுச் சிவப்பு மூணு வாரத்தில் மறைந்தது. டியூப் தை மாதம் எடுத்தாயிற்று, ராகிக் கூழை ஸ்பூனில் வாங்கிக்கொள்கிறாள், கோபம் வந்தால் துப்புகிறாள்.

போன வாரம் தர்மபுரிக்காரர் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு நாலு நாள் போனார். மாற்று ஆளாக வந்தவருக்காக நோட்டின் உள் அட்டையில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். ஆபீசிலிருந்து வந்து நானும் படித்தேன்.

"பாட்டிக்கு இடது பக்கம் படுத்தா புடிக்காது, ரேடியோ போட்டா படுப்பாங்க. கூழ் குடுத்தா வாய்க்குள்ள மிச்சம் இருக்கா பாருங்க. ஊசி அக்கா போடுவாங்க, நீங்க போடாதீங்க, சொன்னாலும் போடாதீங்க. ராத்திரி 2 மணிக்கு அக்கா எந்திரிக்கறாங்களான்னு ஒரு கண்ணு வைங்க. கையெழுத்து இருக்கும், ஆனா சில நாள் காலைல போட்டது."