பின்பக்கம்

“சேர், பின்பக்கமெல்லாம் வெறும் கடதாசிதானே, விடட்டா?”

“வெறுமையெண்டா விடுங்கோ தம்பி.”

ஸ்கேன் செய்த தம்பியும் நானும் பேசியது இவ்வளவுதான். பரீட்சைப் பிரிவின் பழைய புள்ளிப் பட்டியல்கள் ஸ்கேனருக்குள் போய்க்கொண்டிருந்தன. ‘வெற்றுப் பக்கம் நீக்கு’ என்ற அமைப்பைத் தம்பி போட்டார்.

அந்தப் பதிலுக்குக் காரணம் இருந்தது. ஏ4 பக்கம் 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 படப்புள்ளி என்று எடுத்தால், 2480க்கு 3508 புள்ளிகள். அமுக்காத டிஃப் கோப்பாக வைத்தால் வண்ணத்தில் ஏறத்தாழ 26 மெகாபைட், சாம்பலில் 8.7, கறுப்பு வெள்ளையில் 1.1. இலட்சம் பக்கம் வண்ணத்தில் 2.6 டெராபைட் பிடிக்கும். மூன்று பிரதி வைக்க வேண்டும், வன்தட்டுக்குக் காசு போதாது. அதனால் கறுப்பு வெள்ளை. மாரியும் நெருங்கியிருந்தது. திருகோணமலையில் ஒக்டோபர் பிறந்தால் கடதாசி ஈரம் இழுத்துவிடும், உருளை இரண்டு தாளைச் சேர்த்து இழுக்கும். உப்புக்காற்றில் துருவேறிய ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றினால் மூலை கிழியும். அதன் துண்டு உள்ளே போய்க் கண்ணாடியில் கீறினால், பிறகு வரும் பக்கமெல்லாம் நெடுங்கோடுதான்.

இதெல்லாம் இன்றும் சரியான காரணங்களே. ஆனால் கறுப்பு வெள்ளையில் ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை என்று ஏதாவது ஒரு பக்கம் விழ வேண்டும். பழுத்த தாளில் மங்கிய பென்சில் எழுத்து பெரும்பாலும் வெள்ளைப் பக்கமே விழுந்துவிடும். பிறகு மென்பொருள் கறுப்புப் புள்ளிகளை எண்ணிப் பார்த்து, போதாதென்று பக்கத்தையே நீக்கிவிடும்.

அதைவிடப் பெரிய பிழை எண்ணிக்கையில் நடந்தது. இரு பக்கமும் எடுத்தால் 50 தாளுக்கு 100 படம் வர வேண்டும். 98 வந்தால் ஒரு தாள் தப்பிவிட்டது என்று அங்கேயே தெரியும். வெற்றுப் பக்கத்தை நீக்கச் சொன்னபின் எத்தனை வர வேண்டும் என்று எவருக்கும் தெரியாது. ஷா-256 சரிபார்ப்பு எண்கள் மூன்று பிரதியிலும் பொருந்தின. கோப்பு மாறவில்லை என்பதை மட்டுமே அவை சொல்லும்.

பழைய மாணவி ஒருவர் பெறுபேற்று விபரம் கேட்டு வந்தபோதுதான் இது வெளியே வந்தது. படத்தில் ஒரு பாடத்துக்கு நேரே ‘சமூகமளிக்கவில்லை’ என்றிருந்தது. மருத்துவச் சான்றிதழ் ஏற்கப்பட்டதாக அவர் சொன்னார். அடுத்த ஆண்டுக் கட்டு இன்னும் கடதாசியாகவே இருந்தது. அதைப் புரட்டினால் பின்பக்கத்தில் பென்சிலில் மெல்லிய சாய்வெழுத்து: ‘ம.சா. ஏற்கப்பட்டது’, பக்கத்தில் சிற்றொப்பம், திகதி. அந்த வழக்கம் எங்கள் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவருடைய ஆண்டுக் கட்டு அழிக்கப்பட்டுவிட்டது. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க தேசிய சுவடிகள் சட்டத்தின்கீழ் அனுமதி பெற்றுத்தான் அழித்தோம். அனுமதிப் பட்டியலில் ‘ஸ்கேன் செய்து முடிந்தவை’ என்று எழுதிக் கொடுத்தது நாங்கள்.

தம்பியிடம் பிழையில்லை; அவர் கேட்டார். கேட்ட அன்றே பத்துத் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்திருக்கலாம், பென்சில் பளபளத்திருக்கும். பார்த்திருந்தாலும் அந்தப் பத்தில் எழுத்து அகப்பட்டிருக்குமா என்பது வேறு கேள்வி.

மிச்சக் கட்டுகளைச் சாம்பலில், இரு பக்கமும் எடுக்கிறோம். மாரிக்குள் முடியாது. அழிந்த கட்டுகளுக்கு அட்டவணையின் குறிப்பு நிரலில் ‘பின்பக்கம் பார்க்கப்படவில்லை’ என்று போடச் சொன்னேன். அப்படி எழுதினால் அந்த ஆண்டுப் பெறுபேறுகள் எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளாகும் என்கிறார்கள். அதுவும் உண்மைதான். நிரல் இன்னும் வெறுமையாக இருக்கிறது.