"என்ன வேலை பார்த்தீங்க?"

மார்ச் 4

மாடிப்படி ஏறினால் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. ஒன்றரை வருடமாக இப்படித்தான். வயசாகிவிட்டது என்றார்கள். ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். இன்று பார்த்த நுரையீரல் மருத்துவர்தான் முதல்முறையாகக் கேட்டார்: "ஐயா, நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"

"பாய்லர் குழாய்க்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுத்துற வேலை. பதினெட்டு வருஷம்."

எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, மூடிய அறையா, முகமூடி கொடுத்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். வேலையை விட்டு 27 வருடம் ஆகிறது. அதை ஏன் இப்போது கிளறுகிறார் என்று அப்பாவுக்குப் புரியவில்லை.

முதுகின் கீழ்ப்பக்கம் ஸ்டெதஸ்கோப்பை வைத்து என்னையும் கேட்கச் சொன்னார். அப்பா மூச்சை இழுக்கும்போது, வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது மாதிரி ஒரு சத்தம்.

மார்ச் 9

சிடி ஸ்கேனும், நுரையீரல் எவ்வளவு காற்றை வாங்கி விடுகிறது என்று அளக்கும் ஸ்பைரோமெட்ரியும் முடிந்தன. ஆஸ்பெஸ்டோசிஸ்.

கண்ணுக்குத் தெரியாத ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார் இழை மூச்சோடு போய்க் காற்றறைகளில் தங்கிவிடுகிறது. அதை விழுங்கி அழிக்க வருகிற உடலின் பாதுகாப்பு அணுக்களால் முடிவதில்லை. நீளமான இழை அவற்றைவிடப் பெரிது. அவை செத்துப்போய், அந்த இடத்தில் அழற்சி, அப்புறம் தழும்பு. வேலையை விட்ட பிறகும் உள்ளே இது நடந்துகொண்டே இருந்திருக்கிறது. தழும்பேறிய நுரையீரல் விறைத்துப்போய் விரிய மறுக்கிறது. இன்ஹேலர் சுருங்கிய மூச்சுக்குழாயைத் திறக்கும் மருந்து. இங்கே கோளாறு குழாயில் இல்லை. அதனால்தான் அத்தனை மாதமும் அது உதவவில்லை.

தழும்பை அகற்ற மருந்து கிடையாது. தடுப்பூசிகள், மூச்சுப் பயிற்சி, தேவைப்பட்டால் ஆக்சிஜன்.

மார்ச் 12

அப்பா சிகரெட்டை விட்டுவிட்டார். அமெரிக்க இன்சுலேஷன் (வெப்பக் காப்பு) தொழிலாளர்களைப் பற்றி 1979-ல் வந்த ஆய்வை மருத்துவர் சொன்னார். கல்நார், புகை இரண்டும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், நுரையீரல் புற்றுநோயால் இறப்பது கல்நார் மட்டும் என்றால் சுமார் 5 மடங்கு, புகை மட்டும் என்றால் சுமார் 10 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 50 மடங்குக்கு மேல். அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டை என் கையில் கொடுத்தார்.

மார்ச் 15

தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் கல்நார் ஆலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா 1924-ல் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்தவர் நோய்க்கூறியல் மருத்துவர் வில்லியம் குக். 1930-ல் தொழிற்சாலை ஆய்வாளர்களான மெரிவெதரும் பிரைஸும் கல்நார் தூசு பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார்கள். அடுத்த வருடமே அங்கே தூசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்துவிட்டன. அப்பா வேலைக்குச் சேர்ந்தது அதற்கெல்லாம் அரை நூற்றாண்டு கழித்து! முகத்தில் கட்டிக்கொள்ள அவருக்குக் கிடைத்தது ஒரு கைக்குட்டை. என்னால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்றும் படித்தேன். மீசோதீலியோமா என்கிற நுரையீரல் உறைப் புற்றுநோய், ஆலைக்குள்ளேயே போகாதவர்களுக்கும் வந்திருக்கிறது. தொழிலாளியின் துணியைத் துவைத்த மனைவிக்குக்கூட.

அம்மா தினமும் அந்தச் சட்டையைக் கொல்லைப்புறத்தில் உதறித்தான் துவைப்பாள். நான் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருப்பேன்.

மார்ச் 23

அம்மாவுக்கும் ஸ்கேன் எடுத்தோம். இரண்டு பக்கமும் நுரையீரல் உறையில் தட்டையான தடிப்புகள். அவை புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை என்று மருத்துவர் அழுத்திச் சொன்னார். ஆனால் தூசு உள்ளே போனதற்கு அடையாளம். நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ வந்தால் உடனே வரவேண்டும். மீசோதீலியோமா தலைகாட்ட 20 முதல் 50 வருடம்கூட ஆகலாம் என்பதால், என் பெயரிலும் ஒரு கோப்பு திறந்திருக்கிறார்.

"உதறாதேன்னு ஒருத்தரும் சொல்லலையே" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 26

அப்பாவோடு குழாய் சுற்றியவர்கள் ஐந்து பேரின் எண்களைத் தேடி எடுத்தோம். இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். ஒருவர் இன்ஹேலர் போட்டுக்கொண்டிருக்கிறாராம். "டாக்டர் கேக்கலைன்னாலும் நீயே சொல்லு, ஆஸ்பெஸ்டாஸ்ல வேலை பார்த்தேன்னு" என்று அப்பா மூச்சு வாங்க வாங்கப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நண்பரின் மனைவியையும் கூட்டிப் போகச் சொன்னார்.

மீதி இருவரை நாளைக்குக் கூப்பிட வேண்டும்.