அப்பலாச்சியாவைப் படிக்க ஒரு கல்லூரி நூலகம்

அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைப்பகுதி என்றாலே பலருக்கும் சினிமா காட்டிய வறுமையும் கள்ளச்சாராயமும் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வரும். அதைத் தாண்டிப் படிக்க ஆசை இருந்தால் கென்டக்கி மாநிலத்தின் பெரீயா கல்லூரிக்குப் போங்கள். நேரில் அல்ல, இணையத்தில்தான். அதன் ஹட்சின்ஸ் நூலகம் மலைமக்களைப் பற்றிய நூல்களுக்கென்றே தனித் தொகுப்பு வைத்திருக்கிறது. பழைய பிடில், பாஞ்சோ ஒலிப்பதிவுகளும் உண்டு. வெள்ளையர்களின் மலை இசை என்று பெயரெடுத்த இதில், பாஞ்சோ ஆப்பிரிக்க அடிமைகள் வழியாக வந்த வாத்தியம்!

அந்தக் கல்லூரியின் கதையே ஒரு வரலாறு. 1855இல் அடிமை முறையை எதிர்த்த ஜான் ஃபீ தொடங்கியது. உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வகுப்பில் படித்தார்கள். பொறுக்குமா? 1904இல் மாநில அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. கல்லூரி உச்ச நீதிமன்றம் வரை போய் 1908இல் தோற்றது. கறுப்பின வரலாற்றாய்வின் தந்தை கார்ட்டர் வுட்சன் 1903இல் அங்கே பட்டம் வாங்கிவிட்டார், நல்லவேளை. அவர் முன்பு மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. இன்றும் அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, மாணவர்கள் எல்லோரும் வேலை செய்தே படிக்கிறார்கள்.

சரி, எங்கே தொடங்குவது? என்னைக் கேட்டால் பாட்டுகளில். நிலக்கரிச் சுரங்கங்களின் கதையைப் பிறகு படிக்கலாம். சுரங்கக் கம்பெனிகள் தங்கள் கடையில் மட்டுமே செல்லும் டோக்கனில் கூலி கொடுத்த அநியாயமெல்லாம் அங்கேதான் வரும்.